ரங்கூன் வானொலியில் இல்லாத தெரு

2016இல் யாங்கோனில் ஒரு நிதி நிறுவனத்துக்கு நான் எழுதிக்கொடுத்த அறிக்கையில் வானொலிக்கு மூன்று வரிதான் ஒதுக்கியிருந்தேன். கிராமங்களில் இருக்கும் வாடிக்கையாளரை எட்டுவதற்கு வானொலியில் செலவு செய்யலாமா என்று கேட்டிருந்தார்கள். வேண்டாம், இன்னும் ஐந்து வருடத்தில் இந்த நாட்டில் வானொலி கேட்க ஆள் இருக்காது என்று எழுதினேன். அப்போது அது துணிச்சலான கணிப்பாகக்கூடத் தெரியவில்லை. 2014இல் ஊரிடூவும் டெலினாரும் சேவையைத் தொடங்கியதும், ஒருகாலத்தில் நூற்றுக்கணக்கான டாலருக்கு விற்ற சிம் அட்டை 1500 கியாட்டுக்குப் பெட்டிக்கடையில் தொங்கியது. டீக்கடைப் பையன் முதல் பிக்கு வரை எல்லார் கையிலும் கைபேசி, அதில் முகநூல். வீட்டுத் தொலைபேசியையே பார்க்காத ஒரு நாடு நேராக முகநூலுக்குத் தாவியதை எங்கள் தொழிலில் பெரிய சாதனையாகச் சொல்லிக் கைதட்டினோம்.

ஐந்து வருடம் என்ற கணக்கு மட்டும் கச்சிதமாக வந்தது. 2021 பிப்ரவரி 1 விடியற்காலையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது யாங்கோனில் கைபேசியும் இணையமும் அறுந்தன. நான் அப்போது மெல்பர்னுக்குத் திரும்பிவிட்டிருந்தேன். கொன்ஸேதான் தெருவில், காளி கோயிலுக்குக் கொஞ்ச தூரத்தில், நான் ஐந்து வருடம் குடியிருந்த கட்டடத்தின் கீழ்வீட்டுப் பெரியவருக்கு மறுநாள் இரவுதான் அழைப்பு கிடைத்தது. நாட்டில் என்ன நடக்கிறதென்று எப்படித் தெரிந்துகொள்கிறீர்கள் என்று கேட்டேன்.

“என்ன தம்பி இப்படிக் கேக்குறீங்க. ரேடியோ இருக்குல்ல.”

அவருடைய ரேடியோவைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அதில் என்ன ஒலித்தது என்பதைவிட, எண்பது வருடமாக அதில் என்ன ஒலிக்கவே இல்லை என்பதைப் பற்றி.

பெரியவர் 1937இல் ரங்கூனில் பிறந்தவர். துறைமுக அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு தமிழ்ப் பெயரும் ஒரு பர்மியப் பெயரும் அவருக்கு உண்டு. வங்கிக்கு ஒன்று, கோயில் அர்ச்சனைக்கு ஒன்று. அவரிடம் இருந்தது சீனத் தயாரிப்பான சின்னச் சிற்றலை வானொலி. அன்டெனாவை நீட்டி, ஜன்னல் கம்பியில் ஒரு செப்புக் கம்பியைச் சுற்றியிருப்பார். காலையில் அரசு வானொலியின் பர்மியச் செய்தி. மாலையில் எது கிடைக்கிறதோ அந்தத் தமிழ் வானொலி. இரவில் லண்டனிலிருந்து பி.பி.சி.யின் பர்மிய சேவை. இந்த மூன்றையும் அவர் மூன்று விதமாகக் கேட்பார் என்பதைக் கவனிக்க எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது. அரசு வானொலியைச் சவரம் செய்துகொண்டே கேட்பார். பி.பி.சி.யை, கதவைச் சாத்திவிட்டு, காதருகே வைத்துக் கேட்பார். அது 1988இல் பழகிய பழக்கம். தமிழ் வானொலிக்கு மட்டும் சாய்வு நாற்காலி. கண்ணை மூடிக்கொள்வார்.

“கொழும்புல மழைன்னு சொல்லுவான். நான் இங்க குடையைத் தேடுவேன்” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னார். நகைச்சுவையாகத்தான் எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்தபோது அதில் சிரிக்க அதிகமில்லை என்று பட்டது. அவர் வாழ்நாளில் கேட்ட தமிழ் வானொலிகள் கொழும்பு, டில்லி, லண்டன் என்று எங்கெங்கிருந்தோ வந்தன. அவர் தெருவைப் பற்றிப் பேசிய வானொலி ஒன்று இருந்திருந்தால் அது பர்மிய மொழியில் பேசியது. தமிழுக்கும் அவர் தெருவுக்கும் இடையில் எந்த அலைவரிசையும் இல்லை.

இதற்கு ஒரு வரலாற்று முரண் உண்டு. ரங்கூனிலிருந்தே தமிழ் ஒலிபரப்பாகிய காலம் ஒன்று இருந்தது. இரண்டாம் உலகப்போரில் ஆசாத் ஹிந்த் வானொலி முதலில் ஜெர்மனியிலிருந்தும், பிறகு சிங்கப்பூரிலிருந்தும், கடைசியில் ரங்கூனிலிருந்தும் இயங்கியது. அது செய்தி சொன்ன இந்திய மொழிகளில் தமிழும் ஒன்று. 1944 ஜூலை 6 அன்று காந்தியை தேசத்தின் தந்தை என்று விளித்து சுபாஷ் சந்திர போஸ் ஆற்றிய உரை ரங்கூனிலிருந்துதான் காற்றில் ஏறியது. இந்திய தேசிய ராணுவத்தில் மலாயாவிலும் பர்மாவிலும் சேர்ந்த தமிழர் எத்தனையோ பேர். ஆனால் அந்த வானொலியின் காது எங்கே இருந்தது? இந்தியாவில். ரங்கூனில் அப்போது குண்டு விழுந்துகொண்டிருந்தது. அரிசி உலகத்துக்கே போன நாட்டில் துணிக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு. 1942இல் நடந்தே அஸ்ஸாமுக்கும் மணிப்பூருக்கும் போனவர்களில் யார் பிழைத்தார், யார் வழியில் போய்ச்சேர்ந்தார் என்று தெரியாத குடும்பங்கள் தெருத்தெருவாக இருந்தன. தமிழ் ஒலிபரப்பு அவர்கள் தலைக்கு மேலே ஏறி வங்காள விரிகுடாவைக் கடந்து போனது. ஒரு போர்க்கால வானொலியிடம் தெருச்செய்தியை எதிர்பார்ப்பது நியாயமில்லை, ஒப்புக்கொள்கிறேன். அது விடுதலைக்காகப் பேசிய வானொலி. இருந்தாலும் அன்றிலிருந்தே ஒரு பழக்கம் உருவாகிவிட்டது என்று நினைக்கிறேன். தமிழில் பேசினால் தாய்நாட்டைப் பற்றிப் பேச வேண்டும். தெருவைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் வேறு மொழி.

போருக்குப் பின் 1946இல் பர்மா ஒலிபரப்புச் சேவை தொடங்கியது. பின்னாளில் ஐ.நா. பொதுச்செயலாளரான ஊ தாண்ட் 1948இல் அதன் இயக்குநராக இருந்தார் என்பதை யாங்கோன்காரர்கள் இன்றும் பெருமையோடு சொல்வார்கள். பள்ளி ஆசிரியராக இருந்து வந்தவர். சுதந்திரம் கிடைத்த கையோடு உள்நாட்டுப் போர் வெடித்த நாட்டில் ஒரு பொது வானொலியை நடத்துவது எப்படிப்பட்ட வேலையாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் காலத்து ரங்கூன் தமிழர்களுக்குப் பத்திரிகை இருந்தது, அச்சகம் இருந்தது. போருக்கு முன்பே வெ. சாமிநாத சர்மா இங்கிருந்து ‘ஜோதி’ என்ற இதழை நடத்தியவர். அச்சில் இருந்த அந்த வாழ்வு 1962 ராணுவப் புரட்சிக்குப் பின் கொஞ்சம் கொஞ்சமாக அணைந்தது. கடைகளும் நிறுவனங்களும் தேசியமயமாயின. தனியார் பத்திரிகைகள் போயின. லட்சக்கணக்கான இந்தியர்கள் கப்பலேறினார்கள். என் அம்மாவின் அம்மாவும் அப்படிக் கப்பலேறியவர்தான். சென்னையில் இறங்கியபோது அவர் கையில் இருந்தது ஒரு தகரப்பெட்டியும், பர்மியத்தில் திட்டும் திறமையும்.

பெரியவர் குடும்பம் போகவில்லை. ஏன் என்று கேட்டால், அப்பா போக மாட்டேன் என்றார், அவ்வளவுதான் என்பார். 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அரசு அறிவித்த செய்தியை அவர் வானொலியில் கேட்டதாகச் சொன்னார். அப்போது அவருக்கு 27 வயது. செய்தி பர்மிய மொழியில். வீட்டில் அவருடைய தாயாருக்கு பர்மியம் சரளமாக வராது. சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத்தான் தெரியும். அடுப்படியில் இருந்த தாயாரிடம் போய் மகன் அதைத் தமிழில் சொன்னார். அரிசிப் பானைக்குள் துணியில் சுற்றி வைத்திருந்த நோட்டுகளை அந்த அம்மா எடுத்துக் கொண்டுவந்து, இதுவுமா, இதுவுமா என்று ஒவ்வொன்றாகக் காட்டினாராம்.

இந்தக் காட்சி என் மனதைவிட்டுப் போவதில்லை. அந்தக் குடும்பத்தின் வாழ்க்கையை மாற்றிய செய்தி அது. அதைத் தமிழில் வாசித்தது, ஒலிபரப்பில் எந்தப் பயிற்சியும் இல்லாத ஒரு மகன். நேயர் ஒரே ஒருவர். அதே மாலையில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அருமையான பாடல்களைப் போட்டுக்கொண்டிருந்திருக்கும்.

இங்கே நம் ஆட்களோடு ஒரு சண்டை போட வேண்டியிருக்கிறது. புலம்பெயர்ந்த நாம் வானொலியைப் பற்றி எழுதுவதெல்லாம் பெரும்பாலும் ஒரே கட்டுரைதான். எஸ்.பி. மயில்வாகனத்தின் வேகம், பி.எச். அப்துல் ஹமீதின் உச்சரிப்பு, ‘பாட்டுக்குப் பாட்டு’, ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பாவின் பிலிப்ஸ் பெட்டி. தவறில்லை. எனக்கும் அந்தக் குரல்கள் பிடிக்கும். ஆனால் நாம் நினைவில் வைத்திருப்பது குரலைத்தான், குரல் சொன்னதை அல்ல. இலங்கை வானொலித் தமிழில் ஒலிபரப்புக் கலையின் உச்சம் எது என்று என்னைக் கேட்டால் மரண அறிவித்தல் என்பேன். பின்னணி இசை கிடையாது, ஏற்ற இறக்கம் கிடையாது. பிறப்பிடம், வதிவிடம், யாருடைய மகள், யாருடைய துணைவி, யாருடைய பாசமிகு தாய், எந்த வீட்டிலிருந்து எத்தனை மணிக்கு எந்த மயானம். மட்டக்களப்பில் வேலை பார்த்தவர் பருத்தித்துறையில் சித்தப்பா போய்விட்டார் என்பதை அதில் கேட்டு, அடுத்த பஸ் பிடித்திருப்பார். அந்த நிகழ்ச்சி ஒரு சமூகத்தைத் தன் இடத்தில் வைத்துப் பேசியது. நினைவுக் கட்டுரைகளில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடைப்பதில்லை, ஏனென்றால் அதில் சினிமாப் பாட்டு இல்லை.

தமிழ்நாட்டில் அதற்குச் சமமான ஒன்று உண்டு. 1960களின் பிற்பகுதியில் தஞ்சை வயல்களில் ஏ.டி.டி. 27 என்ற புதிய நெல் ரகம் பரவியது. அதைப் பரப்பியதில் திருச்சி வானொலியின் வேளாண் நிகழ்ச்சிகளுக்குப் பெரும் பங்கு. எந்த நாளில் நாற்றங்கால், எவ்வளவு உரம், எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து என்று வானொலி சொல்லச் சொல்ல விவசாயிகள் செய்தார்கள். அந்த நெல்லுக்கு அவர்கள் வைத்த பெயர் ரேடியோ நெல். ஒரு ஊடகத்துக்கு இதைவிடப் பெரிய விருது என்ன இருக்க முடியும்? ‘வயலும் வாழ்வும்’ என்றால் நகரத்துப் பிள்ளைகள் நாங்கள் கிண்டல் செய்வோம். பாட்டுப் போடுவதற்கு முன் வரும் அறுவை. அந்த அறுவையில்தான் ஒரு மாவட்டத்தின் சாப்பாடு இருந்தது என்பது எனக்கு நாற்பதைத் தாண்டித்தான் புரிந்தது.

யாங்கோனுக்குத் திரும்புவோம். அங்கே உள்ளூர் வானொலி இல்லாமல் இல்லை. 2001இல் மாநகராட்சி சார்பில் சிட்டி எஃப்.எம். தொடங்கியது. நான் இருந்த வருடங்களில் டாக்சியில் ஏறினால் பெரும்பாலும் அதுதான் ஓடும். இளமையான குரல்கள், பாட்டு, நேயர் விருப்பம், கைபேசி விளம்பரம், நடுநடுவே மாநகராட்சி அறிவிப்பு. நகர வானொலி என்றால் எந்த ஊரிலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கிறது. என் குறை வேறு. ஐந்தே நிமிட மழையில் அனவ்ரத்தா சாலையில் முழங்காலளவு தண்ணீர் நிற்கும்போது, சாக்கடையை நிர்வகிக்கும் அதே மாநகராட்சியின் வானொலி அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டிருந்த டாக்சியில் காதல் பாட்டுப் போடும். தண்ணீர் நிற்கிறது என்று சொல்லும் நாளிலும், ஏன் நிற்கிறது என்று சொல்லாது. உள்ளூர் வானொலிக்கும் உள்ளூரில் இருக்கும் வானொலிக்கும் உள்ள வித்தியாசம் அந்த ‘ஏன்’தான்.

அந்த ‘ஏன்’ எப்படி ஒலிக்கும் என்பதற்கு ஒரு சின்ன உதாரணத்தையும் அதே யாங்கோன் மாநிலத்தில் கேட்டேன். 2018இல் நகரத்துக்கு வடமேற்கே ஹ்தந்தபின் என்ற ஊரில் கயே எஃப்.எம். என்ற சமூக வானொலி தொடங்கியது. நாட்டின் முதல் சமூக வானொலி அது. ஜெர்மனியின் டாய்ச்ச வெல்ல அகாதமி உதவியது. நிகழ்ச்சி செய்தவர்கள் சுற்றுவட்டாரக் கிராமத்துத் தன்னார்வலர்கள். அதன் அலை நகரத்துக்குள் எட்டாது என்பதால் ஒரு ஞாயிற்றுக்கிழமை பர்மிய நண்பர் ஒருவரோடு காரில் போனேன். வயலோரம் காரை நிறுத்திக் கேட்டோம். என் பர்மியம் அரைகுறை. பாதி அவர் சொல்லித்தான் புரிந்தது. நிகழ்ச்சியின் தரம் என்று பார்த்தால், தடுமாறினார்கள், மூச்சு வாங்கினார்கள், ஒருவர் பேசும்போது பின்னால் சேவல் கூவியது. ஆனால் நண்பர் திடீரென்று அமைதியாகிவிட்டார். என்ன என்றேன். “எங்கள் ரேடியோவில் கிராமத்துப் பேச்சை முதல் தடவை கேட்கிறேன், இதுவரை கிராமத்தைப் பற்றிப் பேசுகிற ஆட்களைத்தான் கேட்டிருக்கிறேன்” என்றார். மூன்று வரியில் நான் முடித்துவிட்ட வானொலி அந்த வயலோரத்தில் உயிரோடு இருந்தது. அறிக்கையைத் திருத்தி அனுப்பவில்லை. பணம் வாங்கியாகிவிட்டது.

அந்த வானொலியில் தமிழ் வராதா என்று நான் அப்போது நினைக்கக்கூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மியான்மரின் அரசு ஒலிபரப்பில் ஷான், கச்சின், கயின், சின், மொன், ரக்கைன் போன்ற மொழிகளுக்கு நேரம் உண்டு. கொஞ்ச நேரம், அரசுக்குப் பிடித்த செய்தி, இருந்தாலும் உண்டு. அவை ‘தேசிய இனங்கள்’ என்ற பட்டியலில் இருப்பவை. 135 இனங்கள் கொண்ட அந்தப் பட்டியலில் தமிழர் இல்லை. நான்கு தலைமுறையாகக் கொன்ஸேதான் தெருவில் இருந்தாலும் இல்லை. பட்டியலில் இல்லாத மொழிக்கு அலைவரிசை இல்லை, அலைவரிசை இல்லாத மொழியில் மின்வெட்டு நேரமும் தடுப்பூசி நாளும் சொல்லப்படுவதில்லை. பெரியவரின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் தெரியும். கோயிலுக்கும் சினிமாவுக்கும் போதுமான தமிழ். மின்கட்டணம், காய்ச்சல், வாடகை எல்லாம் பர்மியம். மொழி தேய்வதற்கு வானொலி மட்டும் காரணம் என்று சொன்னால் சிரிப்பார்கள். பள்ளிக்கூடம் போனதுதான் முதல் காரணம். ஆனால் ஒரு மொழி தூரத்துச் செய்திகளை மட்டுமே கொண்டுவந்தால், பிள்ளைகள் அதை தூரத்துக்குரிய மொழியாக எடுத்துக்கொள்வது இயல்புதானே.

இதற்கு மாற்று சாத்தியமா என்று கேட்பவருக்கு நான் இப்போது வாழும் ஊரைக் காட்டுவேன். 1975இல் சிட்னியிலும் மெல்பர்னிலும் 2இ.ஏ., 3இ.ஏ. என்று இரண்டு வானொலி நிலையங்களை ஆஸ்திரேலிய அரசு தொடங்கியது. இன்றைய எஸ்.பி.எஸ். வானொலியின் தாய் அவைதான். எதற்காகத் தொடங்கினார்கள்? குடியேறிகளின் பண்பாட்டைப் போற்றுவதற்கா? மெடிபேங்க் என்ற புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை, ஆங்கிலம் புரியாதவர்களுக்கு அவரவர் மொழியில் விளக்குவதற்காக. ஆஸ்பத்திரிச் செலவை யார் கட்டுவது என்ற கேள்வியிலிருந்து பிறந்த வானொலி அது. அதனால்தான் பின்னாளில் அதில் இடம்பிடித்த தமிழ் நிகழ்ச்சியிலும் வாடகைச் சட்டமும் வரிப் படிவமும் காட்டுத்தீ எச்சரிக்கையும் தமிழில் வருகின்றன. கேட்கச் சுவையாக இல்லைதான். டொரொண்டோவிலும் லண்டனிலும் நாமே காசு போட்டு நடத்தும் தமிழ் வானொலிகளை நான் போகும்போதெல்லாம் கேட்கிறேன். கொழும்பு அரசியலும் கோடம்பாக்கமும் தாராளமாகக் கிடைக்கின்றன. அந்த நகரத்துப் பள்ளி வாரியம் என்ன முடிவெடுத்தது என்பதைப் பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் தேட வேண்டியிருக்கிறது. எந்த ராணுவமும் நம்மைத் தடுக்கவில்லை. நாமே விரும்பி ரங்கூன் பெரியவரின் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டோம்.

தூரத்து வானொலியால் பயனே இல்லை என்று சொல்ல வரவில்லை. 1988இல் பர்மாவுக்கு உள்ளூர் வானொலியாக இருந்தது லண்டன்தான். ஆகஸ்ட் 8 அன்று வேலைநிறுத்தம் என்ற மாணவர்களின் அழைப்பு பி.பி.சி. வழியாகத்தான் நாடெங்கும் போனது. கிறிஸ்டோபர் கன்னஸ் என்ற செய்தியாளர் ரங்கூனில் பதிவுசெய்த குரல்கள் லண்டன் போய் ரங்கூனுக்கே திரும்பி வந்தன. டில்லி வானொலியின் பர்மிய சேவையிலும் அப்போது பழைய பிரதமர் ஊ நுவின் மகள் பணியாற்றினார். பக்கத்துத் தெருவில் துப்பாக்கிச் சூடு நடந்ததை எட்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து கேட்டுத் தெரிந்துகொண்டதாகப் பெரியவர் சொல்வார். “சத்தம் காதுல விழுந்துச்சு. எதுக்குன்னு லண்டன்தான் சொன்னான்.”

ஆனால் தூரத்து வானொலியின் சாவி தூரத்தில் இருக்கிறது. 1941இல் தொடங்கிய பி.பி.சி. தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்ரல் 30ஆம் தேதியோடு நின்றது. அன்று இரவு பெரியவர் வீட்டில் இருந்தேன். இரைச்சலுக்கு நடுவே விடைபெற்றார்கள். இணையத்தில் தொடரும், கைபேசியில் கேட்கலாம் என்று நான் ஆறுதல் சொன்னேன். என் தொழில் அப்படி. அவர் குமிழைத் திருப்பி அந்த இடத்தில் கொஞ்ச நேரம் இரைச்சலையே கேட்டுக்கொண்டிருந்தார். 2025இல் இன்னும் மோசம். அமெரிக்க அரசின் உத்தரவால் மார்ச் 15 முதல் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வாயடைத்தது, பர்மிய சேவையும் சேர்த்து. பதின்மூன்றே நாளில், மார்ச் 28 அன்று, ஸகாயிங் அருகே 7.7 அளவு நிலநடுக்கம். மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மண்டலேயில் கட்டடங்களுக்கு அடியில் மக்கள் இருந்தபோது, அவர்கள் மொழியில் பேசிய ஒரு வானொலி வாஷிங்டனில் ஒரு கையெழுத்தால் மூடப்பட்டிருந்தது. தெருவின் செய்தியை இன்னொரு நாட்டின் தயவில் விட்டுவைத்தால் இப்படித்தான் ஆகும்.

பெரியவர் அந்த நிலநடுக்கத்தைப் பார்க்கவில்லை. 2023 மழைக்காலத்தில் போய்விட்டார். அவர் மகள் முகநூலில் பர்மிய மொழியில் ஒரு அறிவிப்புப் போட்டிருந்தாள். இந்தியாவில் இருக்கும் சொந்தக்காரர்களுக்கு அனுப்ப அதைத் தமிழில் எழுதித்தர முடியுமா என்று கேட்டாள். அவளுக்குத் தமிழ் பேச வரும், எழுத வராது.

எழுத உட்கார்ந்தபோது எனக்குத் தெரிந்த ஒரே வடிவம் இலங்கை வானொலியின் வடிவம்தான் வந்தது. பிறப்பிடத்தில் தொடங்கி, வதிவிடம், பெற்றோர், துணைவியார், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், தகனம் நடக்கும் இடமும் நேரமும். எந்த வானொலிக்கும் அனுப்பப் போவதில்லை என்பதால், சரியாக இருக்கிறதா என்று அவளுக்குத் தொலைபேசியில் வாசித்துக்காட்டினேன். ரங்கூனைப் பிறப்பிடமாகவும் யாங்கோனை வதிவிடமாகவும் கொண்ட என்று தொடங்கியதுமே அவள் நிறுத்தினாள்.

“அண்ணே, ரெண்டும் ஒரே ஊருதானே?”

ஆமாம்மா என்றேன். சரி, அப்படியே இருக்கட்டும், மேலே வாசியுங்கள் என்றாள்.